நாடாவும் ஓடமும்: பள்ளிகளில் அயன்மொழிக் கல்வி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செய்யாற்றங்கரையில் பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் ஓர் அவையில், அயன்மொழிக் கல்வியைப் பற்றி உரையாற்றுவது பொருந்துமா என்னும் வினா எழுதல் இயல்பே. தாய்மொழிக்கே தட்டுப்பாடு நேர்ந்துள்ள காலத்தில் அயல்மொழிக்கு வக்காலத்து எதற்கு என்று கேட்போரும் இருக்கலாம். அவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இந்த மண்ணின் நூல். அதன் பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனது ஊராகிய செங்கண்மா, இன்றைய செங்கம். அந்நூல் கூறும் நவிரமலை, கலசப்பாக்கத்தார் நாள்தோறும் கண்ணெதிரே காணும் பர்வதமலையே என்பது அறிஞர் கொள்கை. சேயாறு என்று புலவர் பெருங்கௌசிகனார் பெயர் சுட்டும் ஆறுதான், இன்று செய்யாறு என வழங்குவது. ரத சப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கத்துக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதும் அவ்வாற்றுக்கே.

583 அடிகள் கொண்ட அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி கூறுகிறான். அவன் கூறும் வழி, காலடிப் பாதை மட்டுமன்று. எந்நிலத்தில் எம்மக்கள் வாழ்கின்றனர், அவர்தம் உணவு யாது, அவர் வணங்குவது எதனை, பன்றிக்கு வைத்த பொறியில் கால்படாமல் நடப்பது எங்ஙனம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்குத் தப்புவது எங்ஙனம் என்று, பிறர் நிலத்தில் அடியெடுத்து வைப்போர் அறியவேண்டியன அனைத்தையும் அவன் எடுத்துரைக்கிறான். மலைச் சிற்றூர்களில் வாயிலில் தயங்கி நிற்கவேண்டா, சொந்த வீடு போலவே உள்ளே புகலாம், அவ்வூரார் உறவினரைப் போல் ஏற்றுக்கொள்வர் என்கிறான். பண்பாடுகளுக்கிடையிலான புரிதல் என்று இக்காலக் கல்வித்துறையார் புதுப்பெயர் சூட்டிப் பேசும் பொருள், ஆற்றுப்படை என்னும் பெயரில் தமிழிலே ஓர் இலக்கிய வகையாகவே இருந்திருக்கிறது. அதற்கு இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். எனவே இப்பொருளைப் பிற நாட்டிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய நிலை தமிழருக்கு இல்லை.

இறக்குமதி செய்தது வேறொன்றை. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, முதற்பகுதி மொழியாகத் தமிழையோ வேறொரு மொழியையோ மாணவர் தெரிந்துகொள்ளலாம் என்னும் நிலை இருந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவையும் அவ்வரிசையில் இடம்பெற்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடந்தது என்ன? பதினொன்றாம் வகுப்பில் முதன்முதலாகப் பிரெஞ்சு எழுத்தைக் கண்ட மாணவன், இரண்டே ஆண்டில் அம்மொழித் தேர்வில் நூற்றுக்கு நூறை எட்டுகிறான். அவனோடு ஒப்பிட, பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்த மாணவன் செய்யுளிலும் துணைப்பாடத்திலும் மதிப்பெண்ணை இழக்கிறான். பொறியியல், மருத்துவக் கல்லூரி வாயிலை எண்ணிய பெற்றோர் இக்கணக்கை விரைவில் கற்றுக்கொண்டனர். பிரெஞ்சு மொழி கற்கப்பட்டது என்று இதனைச் சொல்வதற்கில்லை. பிரெஞ்சு மதிப்பெண் ஈட்டப்பட்டது என்பதே பொருந்தும். தேர்வு முடிந்த மறுவாரமே அம்மொழி மறக்கப்பட்டது. ஒரு பிரெஞ்சுக் கவிதையையாவது விரும்பிப் படித்து வெளிவந்தவர் அவருள் எத்தனை பேர்?

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கி, 2015-16இல் பத்தாம் வகுப்பை அடைந்தது. இதனால் தமிழுக்கு நேர்ந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. மேல்நிலை வகுப்புகளில் பழைய கணக்கு தொடர்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலை அளவில் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம், ருசியம் ஆகியவற்றைக் கற்பிக்கலாம் என்று பெயர் கூறிச் சுட்டுகிறது. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்காமல், 1968 சனவரி 23ஆம் நாள் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானத்திலேயே நிற்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதனையே உறுதிசெய்தது. அரசியல் வழக்கு இவ்வவைக்கு உரியதன்று. இருமொழிக் கொள்கையை மனமார ஏற்பவரும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: மூன்றாவது மொழியை ஒருவர் தலையில் ஏற்றக்கூடாது என்பது வேறு; விரும்பும் குழந்தைக்கு உலகத்தின் ஒரு சாளரத்தைத் திறந்துவிடக்கூடாது என்பது வேறு. முன்னது உரிமைக் குரல். பின்னதை யாரும் கொள்கையாகச் சொன்னதில்லை. ஆயினும் சிற்றூர்ப் பள்ளிகளில் நடைமுறை அதுவாகவே ஆகிவிட்டது. சென்னையின் பெரிய தனியார் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு ஆறாம் வகுப்பிலேயே பிரெஞ்சும் ஜெர்மனும் வாய்க்கின்றன. கலசப்பாக்கம் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிக் குழந்தைக்கு அம்மொழிகள் வேற்றுக் கோளில் வழங்குபவை.

இடையில் ஒரு செய்தி. இருமொழித் தீர்மானம் நிறைவேறிய அதே 1968 சனவரி மாதத்தின் தொடக்கத்தில்தான் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் பிறரும் தமிழைக் கற்றுவந்து தமிழைப் பற்றி ஆய்வுரை படித்த மாநாடு அது. அயலார் தமிழைக் கற்றதற்கு மகிழ்ந்து கைதட்டிய தமிழகம், அவர்களுடைய மொழிகளைத் தன் பிள்ளைகள் கற்பது எப்போது என்று அன்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அம்மாநாடுகளின் பின்னிருந்த தனிநாயகம் அடிகளின் வாழ்க்கையை இங்கு விரித்துரைப்பது தகும். 1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தவர். ஆங்கிலத்தில் கல்வி, பின்னர் உரோமையில் குருத்துவக் கல்வி. இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கீசியம் முதலியன அவருக்குக் கைவந்தன. வராத மொழி ஒன்றிருந்தது, அது தமிழ். 1940களின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோதுதான் அக்குறை அவரைச் சுட்டது. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று தமிழில் முதுகலை பயின்றார். அயல்மொழி பல கற்றவர் தாய்மொழியை இழப்பர் என்பார்க்கு அவர் வாழ்வே மறுமொழி. அம்மொழிகள் இல்லாதிருந்தால் அவர் தமிழுக்குச் செய்தவற்றுள் பல நடந்திரா. 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலின் செய்தியை அவர் தமிழுலகுக்குப் பரப்ப முடிந்தது போர்த்துக்கீசியம் படிக்கத் தெரிந்ததால். அந்தோம் தெ புரொவென்சா தொகுத்து 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மீண்டும் பதிப்பித்ததும் அதனாலேயே. தமிழின் பழஞ்சொத்தில் ஒரு பகுதி பிறமொழிப் பூட்டுக்குள் கிடக்கிறது. திறவுகோல் செய்யும் கொல்லரைத் தமிழ்ப் பள்ளிகள் உருவாக்காவிட்டால், வேறு யார் உருவாக்குவர்?

பிறமொழியை எங்ஙனம் கற்பது என்பதற்கும் தமிழ் மண்ணிலேயே ஒரு காட்சி உண்டு. 1706 சூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, தமிழ் கற்க அகராதியையோ இலக்கணத்தையோ நாடவில்லை, நாடியிருந்தாலும் கிடைத்திரா. ஊர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரை மாணவரோடு தம் இருப்பிடத்துக்கே வரவழைத்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து பழகினார். கற்றுத் தேர்ந்த, வளர்ந்த மனிதர் ஒருவர், ஐந்து வயதுக் குழந்தைகளோடு சமமாக அமர்ந்து தவறு செய்யச் சம்மதித்தார் என்பதே இதில் கருதத்தக்கது. பின்னர் அழகப்பன் என்னும் துபாஷியின் துணை கிடைத்தது. போர்த்துக்கீசியமும் டேனியமும் டச்சும் ஜெர்மனும் அறிந்த அத்தமிழர் எந்தப் பள்ளியில் அவற்றைக் கற்றார்? துறைமுகத்தில்தான். 1716இல் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சாயிற்று.

அவர் கதையின் மறுபாதி அவ்வளவு இனிமையானதன்று. தமிழரின் தெய்வங்களையும் வழிபாட்டையும் பற்றி, தமிழ் நூல்களைப் படித்தும் தமிழரைக் கேட்டும் 1713இல் அவர் ஒரு பெருநூல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவரை அனுப்பியவர்களுக்கு அது உவப்பாக இல்லை. புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்று கருதினர். கையெழுத்துப்படி கிடப்பில் கிடந்து, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. மதம் பரப்ப வந்தவர் என்பதில் ஐயமில்லை. அவர் நோக்கத்தை ஏற்கவேண்டியதும் இல்லை. ஆயினும் மணலில் அமர்ந்து கற்றவரின் காது, அமராதவரின் காதிலிருந்து வேறுபட்டுவிட்டது. மொழிப்பாடம் ஒரு பள்ளியில் செய்யவேண்டிய வேலை அதுவே. மதிப்பெண்ணுக்குக் கற்ற மொழி காதைத் தொடுவதே இல்லை.

புதுச்சேரியில் அத்தகைய பள்ளிகள் இருந்தன என்பதையும் கவிஞர்கள் நினைவுகூரலாம். பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் 1909 முதல் 1946 வரை தமிழாசிரியராகப் பணியாற்றியவர் பாவேந்தர் பாரதிதாசன். ஒரு வகுப்பறையில் பிரெஞ்சும் அடுத்த வகுப்பறையில் அவருடைய தமிழும் ஒலித்த பள்ளிகள் அவை.

இனி ஆரணிக்கு வருவோம். இவ்வட்டாரத்துக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு அயன்மொழி என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அக்குழந்தைகளுள் எத்தனையோ பேர் வீட்டுத் தறிமேல் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் நாள்தோறும் ஒலிக்கிறது. சேலையின் கரையிலும் முந்தியிலும் மயிலையும் அன்னத்தையும் மாங்காயையும் எழுப்பித்தரும் ஜக்கார்டுப் பெட்டியின் பெயரே அது. நெசவாளர் நாவில் ஜக்காடு என்றும் குழைந்து வழங்கும். ஜோசப் மாரி ஜக்கார், பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தவர். 1752இல் பிறந்து 1834இல் மறைந்தவர். துளையிட்ட அட்டைகளைக் கோவையாகக் கட்டி, எந்த இழை எழவேண்டும், எது படியவேண்டும் என்பதை அட்டையே முடிவுசெய்யும் பொறியை 1804இல் அமைத்தார். தொழில் போய்விடும் என்றஞ்சிய லியோன் நெசவாளர்கள் முதலில் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். பின்னர் அப்பொறியே அவ்வூரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. கன்னட நாட்டுப் பட்டுநூல், சூரத்து ஜரிகை, லியோன் நகரத்துப் பொறி, ஆரணிக் கை: ஒரு சேலைக்குள் இத்தனை நாடுகள் மடிந்திருக்கின்றன. அச்சேலையை நெய்யும் வீட்டுக் குழந்தைக்குப் பிரெஞ்சு எழுத்தைக் கற்பிக்கும் பாடநூலோ, பாரிசில் உணவு விடுதியில் காப்பி கேட்பது எப்படி என்று தொடங்குகிறது.

லியோன் நெசவாளர் குடியிருந்த மேட்டுக்குக் க்ருவா ரூஸ் என்று பெயர். ஜக்கார்டுத் தறியின் உயரத்துக்கு இடம் வேண்டி, அங்கே வீடுகளின் மேற்கூரையை வழக்கத்துக்கு மாறாக மிக உயர்த்திக் கட்டினர். தறிக்காக வீட்டை மாற்றுவது என்றால் என்ன என்பதை, நடுவீட்டில் குழி வெட்டிக் குழித்தறி இறக்கிய குடும்பத்துக் குழந்தைக்கு விளக்கவேண்டியதில்லை. பட்டைத் தந்து நெய்யச் சொல்லி, நெய்த துணிக்குக் கூலி தரும் வணிகர் அங்கும் இருந்தனர். கூலி இறங்கிக்கொண்டே போயிற்று. 1831 அக்டோபரில், இன்ன துணிக்கு இவ்வளவு கூலிக்குக் குறையக்கூடாது என்று ஒரு விகிதம் முடிவாயிற்று. வணிகர் சிலர் கொடுக்க மறுத்தனர். நவம்பர் 21ஆம் நாள் நெசவாளர் மேட்டிலிருந்து இறங்கி வந்தனர். நகரமே சில நாள் அவர் கையில் இருந்தது. டிசம்பரில் படை நுழைந்தது. கூலி விகிதம் செல்லாதென்று ஆக்கப்பட்டது. 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்து மீண்டும் ஒடுக்கப்பட்டனர். இவ்வரலாற்றை எளிய பிரெஞ்சு வாக்கியங்களில் பாடமாக வைத்தால், ஆரணிக் குழந்தை அதனை மனப்பாடம் செய்யாது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தந்தையிடம் சொல்லும். கூலி என்பதற்குப் பிரெஞ்சில் என்ன என்று தந்தையே கேட்பார்.

கவிஞர்களுக்கு ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். பாவின் குறுக்கே ஊடையிழையைக் கொண்டு இங்குமங்கும் ஓடும் கருவியை நெசவாளர் நாடா என்பர். தமிழ் அகராதிகள் அதற்கு இன்னொரு பெயரும் தருகின்றன: ஓடம். ஆற்றில் கரைக்குக் கரை செல்லும் ஓடத்தையே, பாவில் கரைக்குக் கரை செல்லும் கருவியிலும் தமிழன் கண்டான். வடிவமும் அதுவே, செயலும் அதுவே. இக்கருவிக்குப் பிரெஞ்சில் நவெத் என்று பெயர். அதன் பொருள் சிறு ஓடம். ஜெர்மனில் ஷிஃப்ஷென், அதன் பொருளும் சிறு கப்பலே. ஒருவரையொருவர் காணாத மூன்று நாட்டு நெசவாளர்கள், தறியில் ஓடியதைப் பார்த்து ஒரே உவமையைக் கண்டனர். ஆங்கிலேயன் மட்டும் அதில் வேறொன்றைக் கண்டான். அவன் வைத்த பெயரின் பழைய வடிவத்துக்கு எறிவேல், அம்பு என்று பொருள். ஓடத்தைக் கண்டவர் நோக்கில் அது சென்று மீள்கிறது. அம்பைக் கண்டவர் நோக்கில் அது பாய்கிறது. இரண்டும் உண்மை. இந்த ஒரு சொல்லைக் கொண்டு ஒரு வகுப்பை நடத்தினால், பிறர் தம்மைப் போன்றவர் என்பதும் தம்மினின்று வேறானவர் என்பதும் அந்த ஒரு மணி நேரத்திலேயே குழந்தைக்கு விளங்கும். அயன்மொழியின் முதற்பயன் வேலைவாய்ப்பு என்று பேசுவோர் இவ்வின்பத்தை அறியார் போலும்.

வேலைவாய்ப்பு தாழ்ந்ததென்பது கருத்தன்று. செவிலியர் படிப்பு முடித்த பெண்கள் ஜெர்மனி செல்ல அம்மொழியில் பி1, பி2 நிலைகளைக் கடக்கவேண்டியிருக்கிறது. ஜப்பான் செல்வோர்க்கும் அந்நாட்டு மொழித் தேர்வுகள் உண்டு. தரமான கல்விக்கூடங்கள் பெரும்பாலும் சென்னையிலேயே இருப்பதால், அறை வாடகையும் கட்டணமும் சேர்ந்து ஒரு சிற்றூர்க் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்திவிடுகின்றன. இருபத்திரண்டு வயதில் கடன் வாங்கி ஆறு மாதத்தில் விழுங்கவேண்டிய மொழியை, பன்னிரண்டு வயதில் சிறிது சிறிதாகச் சுவைத்திருக்கக் கூடாதா? அங்ஙனம் சுவைத்தவள், அந்நாட்டு நோயாளியின் முனகலையும் நகைச்சுவையையும் புரிந்துகொள்வாள். தேர்வுக்கு மட்டும் படித்தவள் மருந்தின் பெயரையே புரிந்துகொள்வாள்.

அயலாரை அறியும் கல்வி அயல்நாட்டிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதும் இல்லை. ஆரணி வட்டாரத்து வகுப்பறை ஒன்றில் தமிழ் பேசும் குழந்தையோடு, வீட்டில் சௌராட்டிரம் பேசும் குழந்தையும், தெலுங்கு பேசும் குழந்தையும், உருது பேசும் குழந்தையும் ஒரே பலகையில் அமர்ந்திருத்தல் கூடும். ஜவ்வாது மலையிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கவரும் பிள்ளையின் தமிழில், சமவெளியார் மறந்த சொற்கள் இருக்கும். இம்மொழிகளெல்லாம் பள்ளி வாயிலோடு நின்றுவிடுகின்றன. வீட்டுமொழியில் ஒரு சொல் தவறி வந்துவிட்டால் வகுப்பு சிரிக்கிறது. சிரிப்புக்கு அஞ்சி வாய்மூடக் கற்ற குழந்தை, நாளை பிரெஞ்சிலும் வாய்மூடியே இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதும் அவ்வாறே. மொழிவகுப்பின் முதற்பகை அறியாமையன்று; அந்தச் சிரிப்பு.

இதற்கு மாறாக நடந்ததற்கும் சான்றுண்டு. கும்பகோணத்துச் சௌராட்டிரக் குடும்பத்தில், பட்டுநெசவுச் சூழலில் வளர்ந்தவர் எம்.வி. வெங்கட்ராம். தம் சமூகத்து நெசவாளர் வாழ்வை 'வேள்வித் தீ' என்னும் தமிழ் நாவலாக்கினார். 'காதுகள்' நாவலுக்காக 1993இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். வீட்டில் ஒரு மொழி, எழுத்தில் ஒரு மொழி என்னும் நிலை அவருக்குக் குறையாகவில்லை. தமிழ் உரைநடைக்கு அது வரவாயிற்று. அவரைப் போன்ற ஒருவர் இன்று ஆரணிப் பள்ளியொன்றின் கடைசிப் பலகையில் வாய்மூடி இருக்கலாம் என்று எண்ணும்போதுதான் இப்பொருளின் கனம் விளங்குகிறது.

அயல்நாட்டாரும் தொலைவில் இல்லை. கலசப்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள திருவண்ணாமலையில், இரமணர் காலந்தொட்டுப் பல நாட்டார் வந்து தங்குகின்றனர். பல்லாண்டு வாழ்வோரும் உளர். அவர்களுக்கும் இவ்வட்டாரத்துப் பள்ளிக் குழந்தைக்கும் இடையே நிகழும் உரையாடல், பெரும்பாலும் பெயரென்ன, ஊரென்ன என்னும் இரண்டு ஆங்கில வினாக்களோடும் ஒரு நிழற்படத்தோடும் முடிந்துவிடுகிறது. கிரிவலப் பாதையில் நடக்கும் பிரெஞ்சு முதியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, அவர் சிறுவயதில் பாடிய தாலாட்டைப் பாடச் சொன்னால் போதும். குழந்தைகள் தம் பாட்டியின் தாலாட்டை அவருக்குப் பாடிக்காட்டுவர். கட்டணம் எதுவும் இல்லை. தலைமையாசிரியரின் ஒப்புதல் ஒன்றே தேவை. அந்த ஒப்புதல்தான் அரிது என்று ஆசிரியர்கள் முணுமுணுப்பது கேட்கிறது.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நிலையோ இதன் மறுபக்கம். ஒஸ்லோவிலும் தொறன்ரோவிலும் வளரும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் கற்கும் தமிழே அயன்மொழியின் கடுமையோடு வருகிறது. அப்பிள்ளைகளோடு கடிதத் தோழமை கொண்டால், இரு சாராருக்கும் ஆதாயம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கே அரசே 1978இல் அயன்மொழிகளுக்கென ஒரு தனி மையம் அமைத்து, பல பள்ளி மாணவரும் அங்கு வந்து கற்க வகைசெய்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆசிரியர் என்று இயலாத இடத்தில், பல பள்ளிக்கு ஒரு மையம் என்பது கருதத்தக்க வழி. போளூர், கலசப்பாக்கம், ஆரணி ஆகிய மூன்றுக்கும் பொதுவாக, சனிக்கிழமை தோறும் இயங்கும் ஒரு மையம் இருமொழிக் கொள்கையின் எந்த எழுத்தையும் மீறாது.

இலக்கிய வட்டத்தாருக்கு இதில் என்ன வேலை என்றால், நிறையவே உண்டு. தமிழ்க் கவிதையும் உரைநடையும் பிறமொழி நூல்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே பெற்றன. நேரடியாகப் பெற்றவற்றின் சுவை வேறு. எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரால் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்தது. காம்யுவின் 'அந்நிய'னை ஸ்ரீராம் அங்ஙனமே தந்தார். காஃப்காவின் 'விசாரணை'யை ஜெர்மனிலிருந்து ஏ.வி. தனுஷ்கோடி தந்தார். இவ்வாறு செய்யத்தக்கவரை இரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம் என்பது ஒன்பது கோடி மக்கள் அளவில் பேசும் மொழிக்குப் பெருமையன்று. பிறநாட்டு நூல்கள் தமிழில் வரவேண்டும் என்று பாரதியாரை மேற்கோள் காட்டும் மேடைகளுக்குக் குறைவில்லை. அப்பணிக்கு ஆளை உண்டாக்கும் வகுப்பறைக்குத்தான் குறைவு.

பெருந்திட்டத்துக்குக் காத்திராமல் வட்டமே தொடங்கத்தக்க பணி ஒன்றுண்டு. பள்ளி மாணவர்களைக் கொண்டு தறிச்சொற்களைத் தொகுக்கலாம். பாவு, ஊடை, அச்சு, மிதி, ஜரிகை, அட்டை என இடப்பக்கத்தில் தமிழ் வழக்கு. எதிரே அதே கருவிக்கும் செயலுக்கும் சௌராட்டிர வீட்டில் வழங்கும் சொல், தெலுங்கு வீட்டில் வழங்கும் சொல், உருது வீட்டில் வழங்கும் சொல். அவற்றுக்கப்பால் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் ஒவ்வொரு கட்டம். வீட்டுமொழியைச் சொன்னால் சிரிப்பார்கள் என்றிருந்த குழந்தை, அன்று அச்சொல்லைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆளாக வகுப்பில் எழுந்து நிற்கும். ஒரு குறிப்பேடும் ஓர் ஆண்டும் போதும்.

குறிப்பேட்டின் முதற்பக்கத்துக்கு நாடா என்னும் சொல்லே தகுந்தது. பிரெஞ்சுக் கட்டத்தையும் ஜெர்மன் கட்டத்தையும் இவ்வுரையைக் கேட்டவர்களே நிரப்பிவிடலாம். மற்றவற்றை நிரப்ப, மாலையில் தறி ஓயும் நேரம் பார்த்து, நெசவாளர் தெருவுக்குத்தான் போகவேண்டும்.